பிரித்தலும் காத்தலும்: ஒளிவழி எலக்ட்ரான் பெயர்ச்சி ஆய்வின் வரலாறு

அகத்திணை மரபில் பிரிதல் பாலைக்கு உரிப்பொருள். பொருள்வயிற் பிரிந்த தலைவன் இடைச்சுரத்தில் நின்று, மீளத் துடிக்கும் தன் நெஞ்சோடு வழக்காடுவதைப் பாடிய புலவர் பலர். அவன் அங்கிருந்தே மீண்டுவிட்டால் பிரிவின் துன்பம் மட்டும் எஞ்சும். தேடிச் சென்ற பொருள் கைகூடாது. இவ்வழக்கு மாந்தர்க்கு மட்டும் உரியதன்று. பச்சை இலை ஒன்றின் மீது கதிரொளி விழுந்த மறுகணமே, அவ்விலையினுள் ஓர் எலக்ட்ரான் தன் இருப்பிடத்தை விட்டுப் பிரிகிறது. பிரிந்தது உடனே மீண்டுவிட்டால், ஒளி கொணர்ந்த ஆற்றல் வெறும் வெப்பமாய்க் கழியும். மீளாது மேற்செல்லுமாயின் அதுவே சர்க்கரையாகி, உணவாகி, உயிர்களைத் தாங்கும்.

நெல்லும் நெருப்பும் இந்த மீளாமையின் பயன்களே. இயற்கை இதனை எவ்வாறு நிகழ்த்துகிறது, மனிதர் அதனை எவ்வாறு கற்றனர், கற்றதைத் தம் கையால் செய்து பார்த்தபோது எதுவரை சென்றனர் என்பதே இவ்வரலாறு. ஒளியைப் பிடிப்பதுதான் அரிய செயல் என்று தொடக்கத்தில் அறிஞர் எண்ணினர். ஒளியால் பிரிந்ததைப் பிரிந்தபடியே காத்தல்தான் அதனினும் அரிது என்பது பின்னரே புலனாயிற்று.

இலையும் ஒளியும்

1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி, மூடிய கலத்தினுள் மெழுகுவத்தியை எரித்து அணையவிட்டு, அக்காற்றில் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். சில நாட்களுக்குப் பின் அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. கெட்ட காற்றைச் செடி நல்லதாக்கிற்று என்பது விளங்கியது. ஆயினும் எப்போதும் அவ்வாறு நிகழவில்லை. அதன் காரணத்தை 1779இல் யான் இங்கன்ஹூஸ் கண்டறிந்தார். செடியின் பச்சை உறுப்புகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, இத்தொழிலைச் செய்கின்றன என்று அவர் நிறுவினார்.

1817இல் பெல்லத்தியே, கவாந்தூ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அப்பச்சைப் பொருளைப் பிரித்தெடுத்துக் குளோரோஃபில் என்று பெயரிட்டனர். 1845இல் ராபர்ட் மேயர், செடிகள் ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றுகின்றன என்று உரைத்தார். பச்சையத்தின் நடுவே மக்னீசிய அணு ஒன்று அமர்ந்திருப்பதைக் காட்டிய ஜெர்மானியர் ரிச்சர்ட் வில்ஷ்டாட்டர் 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

இதற்கிடையே சாயத் தொழிலிலிருந்து ஒரு சொல் பிறந்தது. ஒரு மூலக்கூறு ஏன் நிறமுடையதாய் இருக்கிறது என்று ஆராய்ந்த ஓட்டோ விட், நிறத்துக்குக் காரணமான மூலக்கூற்றுப் பகுதியை 1876இல் 'குரோமோஃபோர்' என்றழைத்தார். கிரேக்கத்தில் அதற்கு நிறம் தாங்குவது என்பது பொருள். தமிழில் நிறந்தாங்கி எனலாம். நிறந்தாங்கி என்பது ஒளியின் ஒரு பகுதியை விழுங்கும் உறுப்பு. விழுங்காது விட்ட பகுதியே நம் கண்ணுக்கு நிறமாய்த் தோன்றுகிறது. இலை சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உண்டு பச்சையைப் பெரிதும் விட்டுவிடுகிறது. நிறம் என்பது விழுங்கப்பட்ட ஒளியின் மறுபக்கமாயின், விழுங்கப்பட்ட ஒளி என்னவாயிற்று என்னும் வினா எழுவது இயல்பே.

பொலோனாவின் மேல்மாடம்

இவ்வினாவைத் தொழிலுலகின் வினாவாக மாற்றியவர் ஜாக்கோமோ சாமிச்சியான். 1857இல் திரியெஸ்தே நகரில் ஆர்மீனிய வழியில் வந்த குடும்பத்தில் பிறந்த அவர், இத்தாலியின் பொலோனாப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராய் விளங்கினார். தம் ஆய்வுக்கூடத்து மேல்மாடத்தில் நூற்றுக்கணக்கான கண்ணாடிக் குடுவைகளை வெயிலில் அடுக்கி வைத்து, உள்ளிருக்கும் பொருட்களில் ஒளி செய்யும் மாற்றங்களை நண்பர் பால் சில்பருடன் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்.

1912 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய பன்னாட்டுப் பயன்பாட்டு வேதியியல் பேரவையில் அவர் ஆற்றிய உரை, ஒளிவேதியியலின் எதிர்காலம் பற்றியது. நிலக்கரி என்பது பண்டைக் காலத்துக் கதிரொளியின் சேமிப்பு. அது செலவழிந்து தீரும். அன்றன்று வரும் கதிரொளியையே பயன்கொள்ள மனிதன் ஏன் கற்கலாகாது என்று அவர் கேட்டார். பயிர் விளையாத பாலை நிலங்களில் கண்ணாடிக் குழாய்களும் கட்டடங்களும் எழும். புகையும் புகைபோக்கியும் இன்றித் தொழில்கள் நடக்கும். செடிகள் காத்து வந்த மறைபொருள் மனிதனுக்கு வயப்படும் என்பது அவர் கண்ட கனவு. பாலையை வளத்துக்குரிய நிலமாகக் கண்ட அவ்வுரை அன்று பாராட்டப் பெற்றது. பின் நெடுங்காலம் மறக்கப்பட்டது. நிலக்கரியை அடுத்து நிலநெய் பெருகி வந்த காலம் அது. சாமிச்சியான் 1922இல் மறைந்தார்.

அவருடைய கனவில் ஓர் இடைவெளி இருந்தது. செடியின் மறைபொருள் யாது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

கூட்டாக நிற்கும் நிறமிகள்

அதனை அறிதற்கான முதற்படி ஒரு கணக்கிலிருந்து கிடைத்தது. ராபர்ட் எமர்சன், வில்லியம் ஆர்னால்டு என்னும் இருவர் கலிஃபோர்னியாவில் குளோரெல்லா என்னும் ஒற்றைச் செல் பாசியின் மீது மிகக் குறுகிய ஒளிப்பொறிகளைப் பாய்ச்சி, ஒரு பொறிக்கு எவ்வளவு ஆக்சிஜன் வெளிப்படுகிறது என்று அளந்தனர். பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றும் தனித்தனியே தொழில் செய்யும் என்பதே எதிர்பார்ப்பு. 1932இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறாய் இருந்தது. ஏறத்தாழ 2500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுதான் வெளிவந்தது.

இத்தனை மூலக்கூறுகள் வீணே நிற்கின்றனவா? 1936இல் காஃப்ரான், வோல் இருவரும் விடை கூறினர். பச்சைய மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் ஓர் அணியாய் நிற்கின்றன. எதன் மீது ஒளி விழுந்தாலும் அவ்வாற்றல் கைமாறிக் கைமாறி ஓரிடத்தை அடைகிறது. தொழில் நடப்பது அவ்வோரிடத்தில் மட்டுமே. இவ்வேற்பாட்டின் தேவை பின்னர் நன்கு விளங்கிற்று. உச்சி வெயிலிலும் ஒரு தனிப் பச்சைய மூலக்கூறு நொடிக்குச் சில ஃபோட்டான்களையே பெறும். தொழிற்கூடம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான ஏவலர் ஒளி திரட்டித் தந்தால்தான் கூடம் ஓயாது இயங்கும்.

கைமாறும் முறைக்குக் கணக்கு வகுத்தவர் ஜெர்மனியின் தியோடோர் ஃபோர்ஸ்ட்டர். இரு நிறந்தாங்கிகள் தொடாமலே, ஒன்று இழக்கும் ஆற்றலை மற்றொன்று ஏற்கும் என்றும், அவற்றின் இடைத்தொலைவு இருமடங்கானால் அவ்விரைவு 64இல் ஒரு பங்காய்க் குறையும் என்றும் 1940களின் இறுதியில் அவர் காட்டினார். 1952இல் லூயி டாய்சன்ஸ் உட்ரெக்ட் நகரில் அளித்த ஆய்வேடு, ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் இவ்வாறே ஆற்றல் ஒரு நிறமியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதை அளந்து காட்டியது. ஒளி பட்டவுடன் ஊதா பாக்டீரியாக்களின் நிறமியில் ஒரு சிறு பங்கு நிறம் மங்கி, பின் மீள்வதையும் அவர் கண்டார். எலக்ட்ரானை இழந்த நிறமியின் அடையாளம் அது. ஆற்றல் கைமாறுவது ஒரு தொழில். எலக்ட்ரான் பெயர்வது வேறு தொழில் என்பது இங்குத் தெளிவாயிற்று.

எமர்சனுடைய உழைப்பு இவ்வரலாற்றில் பலவிடத்தும் தோன்றும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உண்டாக நான்கு ஃபோட்டான் போதும் என்று அவருடைய ஆசிரியரும் நோபல் பரிசாளருமான ஓட்டோ வார்பர்க் சாதித்தபோது, எட்டுக்குக் குறையாது என்று மாணவர் மறுத்தார். இருவரும் நெடுநாள் வழக்காடினர். அளவைகள் மாணவர் பக்கமே நின்றன. 1957இல் இருவேறு நிற ஒளிகள் ஒருங்கே விழும்போது, அவை தனித்தனியே விழுவதன் கூட்டுத்தொகையினும் மிகுதியான பயன் விளைவதை எமர்சன் காட்டினார். இரண்டு ஒளியமைப்புகள் தொடராய் இயங்குகின்றன என்னும் கருத்துக்கு வித்திட்ட கண்டுபிடிப்பு அது. 1960இல் ராபின் ஹில்லும் ஃபே பெண்டாலும் அக்கருத்தை வரைபடமாய்த் தந்தபோது எமர்சன் உயிருடன் இல்லை. 1959 பிப்ரவரி 3ஆம் நாள் நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் விழுந்த விமானத்தில் அவர் மாண்டிருந்தார்.

எவரும் நம்பாத வளைவு

எலக்ட்ரான் ஒரு மூலக்கூற்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர எவ்வளவு நேரமாகும்? இவ்வினாவுக்கு விடை தேடியவர் கனடாவில் பிறந்து, அன்று புரூக்ளின் பாலிடெக்னிக்கில் பணியாற்றிய ருடால்ஃப் மார்க்கஸ். 1956இல் அவருடைய முதற்கட்டுரை வெளிவந்தது.

அவர் கருத்தை எளிமையாய் இவ்வாறு கூறலாம். எலக்ட்ரான் மிக இலேசானது. நொடியினும் நுண்ணிய நேரத்தில் தாவவல்லது. சூழ்ந்துள்ள கரைப்பான் மூலக்கூறுகளோ கனமானவை; மெல்ல அசைபவை. எலக்ட்ரான் இங்கிருந்தாலும் அங்கிருந்தாலும் ஆற்றல் ஒன்றே என்னும்படி அச்சூழல் தற்செயலாய் அமையும் கணத்தில்தான் தாவல் நிகழ முடியும். ஆகவே விரைவைத் தீர்மானிப்பவை இரண்டு. சூழல் தன்னை மாற்றியமைக்கத் தேவையான ஆற்றல் ஒன்று. தாவலால் இறங்கும் ஆற்றலின் அளவு மற்றொன்று.

இக்கணக்கிலிருந்து 1960இல் ஒரு வியப்பான முடிவு வந்தது. இறக்கம் கூடக் கூட விரைவும் கூடும் என்பது வேதியியலாரின் பொதுநம்பிக்கை. சரிவு செங்குத்தானால் நீர் விரைந்து பாயுமல்லவா? மார்க்கசின் கணக்கோ, விரைவு ஓர் உச்சம் வரை கூடிப் பின் குறையும் என்றது. இறக்கம் மிக அதிகமானால் எலக்ட்ரான் தயங்கி நிற்கும். இதனைத் தலைகீழ்ப் பகுதி என்று வழங்கினர்.

பலர் இதனை ஏற்கவில்லை. ஃபோர்ஸ்ட்டரோடு ஷ்டுட்கார்ட்டில் பணியாற்றிய ஆல்பர்ட் வெல்லர், டீட்டர் ரேம் என்பவருடன் சேர்ந்து 1970இல் வெளியிட்ட ஆய்வு, ஒளியேற்ற மூலக்கூறுகள் பலவற்றில் எலக்ட்ரான் பெயர்ச்சியின் விரைவை அளந்தது. இறக்கம் கூடியபோது விரைவு கூடிற்று. ஓர் எல்லையை எட்டிற்று. பின்னர் குறையவே இல்லை. ஆய்வு நேர்மையானது, அளவைகளும் பிழையற்றவை. மார்க்கசின் வளைவு கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவே. கரைசலில் இரு மூலக்கூறுகள் நீந்திவந்து சந்திக்கும் நேரமே அங்கு எல்லையாய் நின்று, உண்மையான தாவலின் விரைவை மறைத்தது என்பது பிறகே தெளிவாயிற்று.

மறைப்பை நீக்க ஒரு வழியுண்டு. எலக்ட்ரானை ஈவதையும் ஏற்பதையும் ஒரே மூலக்கூற்றின் இரு முனைகளில் கட்டிவிட்டால், சந்திக்கும் நேரம் என்ற ஒன்றே இராது. அவ்வாறு கட்டப்பட்ட மூலக்கூறுகளிலிருந்தே வரலாற்றின் அடுத்த பகுதி தொடங்குகிறது.

1984

தனித்தனியே மூன்று திசைகளில் சென்றுகொண்டிருந்த மூன்று முயற்சிகள் 1984ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தன.

முதலாவது, மார்க்கசின் வளைவைப் பற்றியது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்டு கிளாசும் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தின் ஜான் மில்லரும் தம் குழுவினருடன், விறைப்பான ஸ்டீராய்டுச் சட்டம் ஒன்றின் ஒரு முனையில் பைபினைலையும் மறுமுனையில் வெவ்வேறு ஏற்பிகளையும் பொருத்தினர். எட்டு மூலக்கூறுகள், எட்டிலும் இடைத்தொலைவு ஏறத்தாழ ஒன்றே, இறக்கம் மட்டும் வேறு வேறு. துகள் முடுக்கியிலிருந்து வந்த எலக்ட்ரான் துடிப்பால் மூலக்கூற்றுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, அது மறுமுனைக்குப் பெயரும் விரைவை அளந்தனர். விரைவு கூடி, உச்சத்தை எட்டி, பின் தெளிவாகக் குறைந்தது. முன்னுரைத்து இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து மார்க்கசின் சொல் மெய்யாயிற்று. 1992இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, இயற்கையின் தொழிற்கூடத்தைக் கண்ணாற் கண்டது. ஒளிச்சேர்க்கையின் வினைமையம் செல்லின் சவ்வில் பதிந்த புரதம். அத்தகைய புரதங்களைப் படிகமாக்க இயலாது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. ஜெர்மனியின் ஹார்ட்முட் மைக்கேல் 1980களின் தொடக்கத்தில் ஊதா பாக்டீரியா ஒன்றின் வினைமையத்தைப் படிகமாக்கினார். யோஹான் டைசன்ஹோஃபர், ராபர்ட் ஹூபர் ஆகியோருடன் சேர்ந்து மியூனிக் நகருக்கு அருகிலுள்ள மார்ட்டின்ஸ்ரீடில் எக்ஸ் கதிர்களால் அதனை ஆராய்ந்தார். 1984இல் அவர்கள் முதலில் வெளியிட்டது முழுப் புரதத்தின் வடிவமன்று. அதனுள் நிறந்தாங்கிகள் நிற்கும் நிலையையே. மூவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர்.

அவ்வடிவத்தில் நான்கு பாக்டீரியப் பச்சையங்களும், மக்னீசியம் இல்லாத பச்சைய வகை இரண்டும், குயினோன்களும் இரு கிளைகளாய் எதிரெதிரே நின்றன. நடுவே இரு பச்சையங்கள் இணையாக நெருங்கி நின்றன. எலக்ட்ரான் புறப்படும் இடம் அதுவே. கிளைகள் இரண்டும் பார்வைக்கு ஒத்திருந்தும், எலக்ட்ரான் செல்வது ஒரு கிளை வழியாக மட்டுமே.

நேரக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் இயற்கையின் உத்தி விளங்கும். மின்னல்போன்ற ஒளிப்பொறியால் வினையைத் தூண்டி, அடுத்த பொறியால் அதனைப் படம்பிடிக்கும் முறையை 1949இல் கேம்பிரிட்ஜில் ரொனால்டு நாரிஷும் ஜார்ஜ் போர்ட்டரும் வகுத்திருந்தனர். லேசர் வந்தபின் அம்முறை நொடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்காகிய பிக்கோ நொடிவரை நுணுகிற்று. ஊதா பாக்டீரியாவின் வினைமையத்தில், இணைப் பச்சையத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் ஏறத்தாழ 3 பிக்கோ நொடியில் மக்னீசியம் இல்லாத பச்சையத்தை அடைகிறது. அங்கேயே நின்றால் சுமார் 10 நானோ நொடியில், அதாவது 10,000 பிக்கோ நொடியில், மீண்டுவிடும். ஆனால் 200 பிக்கோ நொடிக்குள் அது முதற்குயினோனுக்குச் சென்றுவிடுகிறது. அங்கிருந்து மீள நொடியின் பத்தில் ஒரு பங்கு வேண்டும். அடுத்த குயினோனுக்குச் செல்லவோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஒவ்வோரிடத்திலும் மீளும் வழியைவிட மேற்செல்லும் வழி பன்மடங்கு விரைவானது. நீண்ட பிரிவை ஒரே தாவலால் அடைய இயற்கை முயலவில்லை. குறுகிய பிரிவுகள் பலவாக அதனைப் பகுத்துக்கொண்டது. விழுங்கப்படும் ஃபோட்டான்களில் ஏறத்தாழ ஒவ்வொன்றும் எலக்ட்ரான் ஒன்றைப் பிரித்துவிடுகிறது.

மார்க்கசின் வளைவு இங்கே பொருள் பெறுகிறது. மேற்செல்லும் படிகளில் இறக்கம் சிறிது. விரைவு உச்சத்துக்கு அருகே நிற்கிறது. புறப்பட்ட இடத்துக்கே மீளும் வழியில் இறக்கம் மிகப் பெரிது. அது தலைகீழ்ப் பகுதியில் விழுந்து மெதுவாகிறது. நெடுங்காலம் ஐயுறப்பட்ட அவ்வளைவு இலையின் உயிர்காக்கும் நெறிகளுள் ஒன்றாய் இருந்தது.

மூன்றாவது முயற்சி, மனிதர் கையால் கட்டியது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் பால் லோக், ஜப்பானில் இவாவோ தபுஷி ஆகியோரின் குழுக்கள், பச்சையத்துக்கு உறவான போர்ஃபிரினைக் குயினோனோடு இணைத்து இரட்டை மூலக்கூறுகள் செய்தனர். ஒளிபட்டதும் போர்ஃபிரினிலிருந்து குயினோனுக்கு எலக்ட்ரான் சென்றது. ஆயினும் சென்ற விரைவிலேயே மீண்டும் வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெவன்ஸ் கஸ்ட், தாமஸ் மூர், ஆனா மூர் ஆகிய மூவரும் மூன்றாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்தனர். கேரட்டுக்கு நிறந்தரும் கரோட்டின் குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட சங்கிலியைப் போர்ஃபிரினின் மறுபுறத்தில் கட்டினர். ஒளிபட்டதும் எலக்ட்ரான் குயினோனுக்குச் சென்றது. அது மீளுமுன், வெறுமையான போர்ஃபிரினுக்குக் கரோட்டினாய்டு தன் எலக்ட்ரானைக் கொடுத்து நிரப்பியது. எதிர்மின்சுமை ஒரு முனையிலும் நேர்மின்சுமை மறுமுனையிலும் நிற்க, நடுவில் இருந்த போர்ஃபிரின் அமைதியுற்றது. பிக்கோ நொடிகளில் முடிந்துபோன பிரிவு, கரைப்பானுக்கேற்ப நூற்றுக்கணக்கான நானோ நொடிகளிலிருந்து மைக்ரோ நொடிகள்வரை நீடித்தது. 1984இல் இம்மும்மை மூலக்கூறு பற்றிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

கோட்பாட்டின் மெய்ப்பு, இயற்கையின் வடிவம், மனிதனின் ஆக்கம் என்னும் மூன்றும் ஓராண்டில் சேர்ந்தன. ஒருவர் பிறரைப் பின்பற்றிச் செய்ததன்று. மூவரும் ஒரே உண்மையை மூன்று பக்கங்களிலிருந்து அணுகியிருந்தனர்.

நீளும் பிரிவுகள்

அடுத்த ஆண்டுகளில் கட்டடங்கள் வளர்ந்தன. அரிசோனாக் குழுவினர் 1990இல் ஐந்து உறுப்புகள் கொண்ட மூலக்கூற்றை வெளியிட்டனர். கரோட்டினாய்டு ஒன்று, துத்தநாகம் ஏற்ற போர்ஃபிரின் ஒன்று, உலோகமற்ற போர்ஃபிரின் ஒன்று, குயினோன் இரண்டு என்பது அதன் வரிசை. விழுங்கிய ஃபோட்டான்களில் நூற்றுக்கு 83 பங்கு இறுதிப் பிரிவை எட்டின. அப்பிரிவு 55 மைக்ரோ நொடி நிலைத்தது. ஒளி கொணர்ந்த ஆற்றல் 1.9 எலக்ட்ரான் வோல்ட்; பிரிவில் எஞ்சியது ஏறத்தாழ 1.0. பாதிக்குச் சற்று நெருங்கிய பங்கு வழியிலேயே செலவாயிற்று. பிரிவைக் காக்கக் கொடுக்கும் விலை இது. இறங்காமல் படியேது? இறங்கிய படியை ஏறி மீள்வது அரிதாகையால்தான் பிரிவு நிலைக்கிறது.

1985இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபுல்லரின் என்னும் பந்து வடிவக் கரிமம் இத்துறைக்குப் புதிய ஏற்பியாய் வாய்த்தது. அறுபது கரி அணுக்களிலும் மின்சுமை பரவி நிற்பதால் சூழல் தன்னை மாற்றியமைக்கச் சிறிதளவு ஆற்றலே போதும். அதனால் மேற்செல்லும் தாவல் விரைவாகிறது. மீளும் தாவல் தலைகீழ்ப் பகுதியில் ஆழ்ந்து மெதுவாகிறது. 2001இல் ஜப்பானியரான இமஹோரி, ஃபுக்குசூமி முதலியோர் ஃபெரோசீன், இரு போர்ஃபிரின்கள், ஃபுல்லரின் என்னும் நான்குறுப்பு மூலக்கூற்றில், உறைந்த கரைப்பானில் 193 கெல்வின் வெப்பநிலையில், பிரிவு 0.38 நொடி நிலைத்ததாக அறிவித்தனர். பாக்டீரியாவின் வினைமையத்தில் காணப்படும் கால அளவோடு ஒப்பிடத்தக்கது அது.

பிரிந்ததைப் பயன்படுத்தும் முயற்சியும் நடந்தது. 1998இல் அரிசோனாக் குழுவினர் தம் மும்மை மூலக்கூற்றைக் கொழுப்புச் சவ்வாலான நுண்குமிழியின் சுவரில் பதித்து, உயிரணுக்களில் உள்ள ஏடிபி ஆக்கும் நொதியையும் அதில் சேர்த்தனர். ஒளிபட்டதும் புரோட்டான்கள் உட்சென்றன, நொதி சுழன்றது, உயிர்களின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபி உருவாயிற்று. மனிதன் செய்த நிறந்தாங்கிகளும் இயற்கையின் நொதியும் ஒரே சவ்வில் கூடித் தொழில் செய்தன.

ஒளி திரட்டும் பகுதியிலும் தெளிவு பிறந்தது. 1995இல் வெளியான ஊதா பாக்டீரியாவின் ஒளிதிரட்டும் அமைப்பில் 27 பாக்டீரியப் பச்சையங்கள் இரு வளையங்களாய் நின்றன. 2007இல் பச்சைக் கந்தக பாக்டீரியாவின் நிறமிப் புரதம் ஒன்றில் ஆற்றல் குவாண்டம் அலைபோல் பல வழிகளையும் ஒருங்கே தேர்ந்து செல்கிறது என்ற கருத்து எழுந்து உலகெங்கும் பேசப்பட்டது. பிந்திய அளவைகளும் கணக்குகளும் அக்கருத்தைப் பெரிதும் திருத்தின. கண்ட அலைவுகளின் நெடிய பகுதி மூலக்கூற்றின் அதிர்வுகளைச் சார்ந்தது என்பதே 2020 அளவில் பலர் ஏற்ற முடிவு. கவர்ச்சியான கருத்தாயினும் அளவையின் முன் தாழத்தான் வேண்டும். வார்பர்க் கண்டதும் அதுவே.

லோசான் நகரும் மதுரைத் திட்டமும்

நிறந்தாங்கியிலிருந்து பிரியும் எலக்ட்ரானை மற்றொரு மூலக்கூற்றுக்குத் தராமல், திண்மப் பொருளுக்கே தந்துவிடும் வழியும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மிக்கேல் கிரேட்செலும் பிரையன் ஓரீகனும் 1991இல் அறிவித்த சாயவழிச் சூரியமின்கலம் இவ்வகையினது. வெள்ளைச் சாயத்துக்குப் பயன்படும் டைட்டானியம் டைஆக்சைடின் நுண்துகள் படலத்தின் மீது ருத்தேனியச் சாயம் பூசப்பட்டது. அச்சாயத்தின் ஒரு மூலக்கூற்றில் மூன்று ருத்தேனிய அணுக்கள் இருந்தன. எலக்ட்ரான் சாயத்திலிருந்து படலத்துக்குள் நொடியின் நுண்பங்கில் பாய்கிறது. மீள்வது மெதுவாகையால் மின்னோட்டமாய் வெளியேறுகிறது. கதிரொளியில் நூற்றுக்கு 7 பங்குக்கு மேல் மின்னாயிற்று.

லோசானில் கிரேட்செலோடு நெடுங்காலம் ஆய்வு செய்தவர்களுள் ஒருவர் தமிழரான கு. கல்யாணசுந்தரம். பாலிபிரிடின், போர்ஃபிரின் ஆகியவற்றின் உலோகச் சேர்மங்களில் ஒளி செய்யும் மாற்றங்கள் குறித்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1992இல் வெளிவந்தது. தமிழிலக்கிய அன்பர்கள் அவரை வேறொரு பணியால் அறிவர். கணினியில் தமிழெழுத மயிலை எழுத்துருவை ஆக்கியவரும், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே சங்க நூல் முதலியவற்றை மின்பதிப்பாக்கும் பணியை முன்னின்று நடத்தியவரும் அவரே. ஏட்டுச் சுவடி காலத்தால் செல்லரித்துப் போகாமல் காக்கும் பணியும், ஒளியால் பிரிந்தது மீண்டு அழியாமல் காக்கும் ஆய்வும் ஒருவர் வாழ்வில் கூடியிருந்தன.

எஞ்சிய பணி

சாமிச்சியானின் கனவு நிறைவேறிற்றா? பாலை நிலங்களில் கண்ணாடிப் பலகைகள் இன்று உண்மையாகவே நிற்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிலிக்கன் பலகைகள், மின்சாரத்தைத் தருகின்றன. இலையைப் போல் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் எரிபொருளை ஆக்கும் மூலக்கூறுகள் இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவந்து வழக்கில் நிலைபெறவில்லை.

அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, எண்ணிக்கை பற்றியது. ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானையே பிரிக்கிறது. இரு நீர் மூலக்கூறுகளைப் பிளந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூற்றை விடுவிக்க நான்கு எலக்ட்ரான்களைப் பறிக்க வேண்டும். இலையில் நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட சிறு கொத்து, ஒன்றன்பின் ஒன்றாய் நான்கு இழப்புகளைப் பொறுத்துச் சேமித்து, பின்னரே ஆக்சிஜனை விடுகிறது. அக்கொத்தின் வடிவத்தை 2011இல் ஜப்பானிய அறிஞர் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுண்மையில் கண்டனர். நான்கு பிரிவுகளும் கூடும்வரை முதற்பிரிவு காத்திருக்க வேண்டும். ஆகவே காத்தலின் தேவை எலக்ட்ரானின் முதற்பயணத்தோடு முடிவதில்லை.

இரண்டாவது, தேய்வு பற்றியது. ஒளியை ஓயாது விழுங்கும் எந்த மூலக்கூறும் நாளடைவில் சிதையும். இலையும் இதற்கு விலக்கன்று. கடும் வெயிலில், ஆக்சிஜனை விடுவிக்கும் ஒளியமைப்பின் டி1 என்னும் புரதம் ஏறத்தாழ அரைமணிக்கொரு முறை சிதைந்து மாற்றப்படுகிறது. பச்சை இலை அசைவற்று நிற்பதாய்த் தோன்றினும், உள்ளே கட்டடமும் பழுதுபார்த்தலும் இடையறாது நடக்கின்றன. மனிதன் கட்டிய மூலக்கூறுகள் பிரித்தலை நன்கு கற்றன. காத்தலை ஓரளவு கற்றன. தம்மைத் தாமே புதுப்பித்தலை இன்னும் கற்கவில்லை.

பொலோனாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை சாமிச்சியானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் குடுவைகளை வெயிலில் அடுக்கிய அந்நகரிலேயே, வின்சென்சோ பல்சானியும் அவரோடு சேர்ந்தோரும் 22 ருத்தேனிய அணுக்கள் ஒரே மூலக்கூற்றில் மரக்கிளைபோல் விரிந்து ஒளி திரட்டும் அமைப்புகளை 1990களின் தொடக்கத்தில் ஆய்ந்தனர். அங்கும், உலகின் வேறு பல ஆய்வுக்கூடங்களிலும், பிரிந்த எலக்ட்ரானை மீளவிடாது மேலே செலுத்தும் அடுத்த படியை இன்றும் தேடிவருகின்றனர்.